இடக்கை இசைத்த வரலாறு

இடக்கை! அந்தச் சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கப் பழக்கப்பட்ட நாடு நம் நாடு. இடக்கையால் கொடுத்தல் ஆகாது. இடக்கையால் பெறுதல் ஆகாது. திருநீற்றுக்கு இடக்கையை நீட்டினால் அர்ச்சகரின் புருவம் நெரியும். பிள்ளை இடக்கையால் பலப்பம் பிடித்தால் பள்ளியிலே பிரம்பு பேசும்.

நிலக்கோட்டைப் பூச்சந்தையிலே மல்லிகைச் சரம் தொடுக்கும் தாய்மாரைப் பாருங்கள். பூவைப் பற்றி நிற்பது ஒரு கை; நாரைச் சுழற்றி முடிவது மறு கை. எந்தக் கைக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல எவரால் இயலும்? இரண்டும் உழைத்தால்தான் சரம். ஆனால், அதே சரத்தைச் சந்நிதியிலே நீட்டும்போது மட்டும் இடக்கை ஒதுங்கி நிற்க வேண்டும். உழைக்க வா, உரிமைக்கு வராதே என்பது கைக்கும் விதிக்கப்பட்ட சட்டமன்றோ!

கைக்கு வந்த இழிவு கையோடு நின்றதா? இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வலங்கை, இடங்கை என்னும் பெயர்கள் மக்களைப் பிரிக்கும் பெயர்களாகிவிட்டன. வெள்ளையர் கோட்டை கட்டிக் குடியேறிய சென்னையிலே, 1652-லும் 1707-லும் வலங்கையாரும் இடங்கையாரும் மோதிக்கொண்டனர். எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, யார் எங்கே குடியிருப்பது என்பதற்காகத் தமிழன் தமிழனைத் தாக்கினான். ஒரே உடலின் இரு கைகளின் பெயரால் ஒரே ஊர் இரண்டாகப் பிளந்தது. கும்பினி அதிகாரி நடுவராக நின்று தெருக்களைப் பங்கிட்டுக் கொடுத்தான்.

அந்த இடக்கை, கடல் கடந்த நாட்டிலே, அடிமைகளின் பேரப்பிள்ளைகளுடைய விரல்வழியே இசையுலகை வியக்க வைத்தது. அதே இடக்கை, நம் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த பழனியிலே பிறந்த மேதை ஒருவரிடம் இருந்ததால், கச்சேரி மேடையில் அவருக்கு உட்கார இடம் இல்லாமல் செய்தது. இவ்விரு வரலாறுகளும் 1958-ல் சென்னையிலே சந்தித்தன. அந்தச் சந்திப்பின் பொருளை உணர வேண்டுமானால், முதலில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பியானோ இசைத்தட்டுகளைக் கேட்கக் கற்க வேண்டும்.

ஜாஸ் என்றதும், அது ஏதோ ஓட்டலில் குடித்துக் கூத்தாடுவோர் இசை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. சபாக்களின் காதோடு வளர்ந்தவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. தவிலையும் பறையையும் அவர்கள் அப்படித்தானே எண்ணினார்கள்! அமெரிக்காவிலே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல். ஆனால் வாழ்விலே ஒழிந்ததா? தனிப் பள்ளி, தனிப் பெட்டி, தனிக் குழாய், தனி வாயில். நம் சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் இடையே இருந்த கோடு, அங்கே தோலின் நிறத்தால் கிழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளப்பட்ட மக்கள், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களிலே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடித்தெடுத்த இசையே ஜாஸ்.

அதிலே பியானோவின் இடம் தனியானது. 88 கட்டைகள் கொண்ட அந்தக் கருவியிலே, தாழ்ந்த ஒலிகள் இடப்புறம், உயர்ந்த ஒலிகள் வலப்புறம். ஆகவே பாட்டின் மெட்டு பெரும்பாலும் வலக்கைக்கே வாய்க்கும். இடக்கைக்கு? துணைப்பணி. ஏவல் வேலை.

அந்த ஏவலாளைத் தலைவனுக்குச் சமமாக உயர்த்தியது எது? எந்த இசைக் கல்லூரியும் அல்ல. வீட்டு வாடகை! 1920-களில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலே நெருக்கியடித்துக் குடியிருந்த கறுப்பின மக்களிடம் வாடகை கடுமையாகக் கறக்கப்பட்டது. மாத முடிவில் பணம் போதாது. என்ன செய்தார்கள்? வீட்டுக்குள்ளே விருந்து வைத்தார்கள். வருபவர் சிறு கட்டணம் தந்து, உண்டு, ஆடிச் செல்வர். சேர்ந்த பணம் வாடகைக்கு. அந்தச் சிறு அறையிலே முழு வாத்தியக் குழுவை அமர்த்த இடமும் இல்லை, காசும் இல்லை. பியானோ ஒன்று, அதன் முன் மனிதர் ஒருவர். ஆட்டத்துக்குத் தாளம் வேண்டுமே! முரசு வாசிப்பவன் வேலையையும், தாழ்சுருதிக் கருவி வாசிப்பவன் வேலையையும் அந்த ஒருவருடைய இடக்கையே செய்தாக வேண்டும். முதல் அடிக்குக் கட்டைவரிசையின் கோடியிலே ஒரு தாழ்சுரம், அடுத்த அடிக்கு நடுவிலே, பல சுரங்களை ஒருங்கே அழுத்தி எழுப்பும் சுரக்கூட்டு, மீண்டும் கோடிக்கு, மீண்டும் நடுவுக்கு. இப்படி இரவு முழுதும் தாவிக்கொண்டே இருந்தது இடக்கை. 'ஸ்ட்ரைட்' என்று அந்த முறைக்குப் பெயர். கால் எட்டி வைத்து நடப்பது போல் கை எட்டி வைத்து நடக்கிறது என்பது பொருள். அறையின் வறுமை ஓர் இசை இலக்கணத்தை வகுத்தது. இதைப் பாடநூல்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. நானோ இதை நூறு முறை சொல்லத் தயங்கமாட்டேன்.

அந்த முறையின் தந்தையாகப் போற்றப்படுபவர் ஜேம்ஸ் பி. ஜான்சன். அவருடைய 'கரோலினா ஷவுட்' 1921-ல் இசைத்தட்டாயிற்று. தட்டுக்கு முன்பே அது காகிதச் சுருளாகவும் வந்திருந்தது. துளையிட்ட காகிதச் சுருளைத் தானியங்கிப் பியானோவிலே பொருத்தினால், காற்றின் விசையால் கட்டைகள் தாமே இறங்கி இசை எழும். வாஷிங்டன் நகரத்து இளைஞர் ஒருவர், அந்தச் சுருளை மெல்லச் சுழலவிட்டு, இறங்கும் கட்டைகளின்மேல் தம் விரல்களை வைத்து வைத்தே அந்தப் பாடத்தைக் கற்றார். பின்னாளில் டியூக் எலிங்டன் என்று உலகம் அறிந்தவர் அவரே. துரோணரின் கண்ணில் படாமல் வில்வித்தை கற்ற ஏகலைவன் கதை நாம் அறிவோம். இந்த ஏகலைவனின் ஆசானோ இயந்திரம். அது எவரிடமும் குலம் கேட்கவில்லை. கற்று முடித்ததும் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்கவும் இல்லை!

இனி, ஆர்ட் டாட்டம். 1909-ல் ஓஹியோ மாநிலத்தின் டொலீடோ நகரிலே பிறந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் மங்கலான ஒளி மட்டும். 1933 மார்ச்சில் நியூயார்க்கில் அவர் தனியாக அமர்ந்து நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் 'டைகர் ராக்' ஒன்று. 'டீ ஃபார் டூ' மற்றொன்று. அக்காலத்து 10 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே இடம். பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. தொடங்கினால் முடிக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள்ளே டாட்டம் செய்து காட்டியதைக் கேட்டவர்கள், இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே எண்ணினர்.

'டைகர் ராக்' தட்டை எப்படிக் கேட்பது? முதல் முறை கேட்கும்போது வேகம் ஒன்றே காதை அடைக்கும். அதை விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை, வலக்கை பொழியும் சரவெடியை ஒதுக்கிவிட்டு, கீழே ஓடும் இடக்கையை மட்டும் பின்தொடருங்கள். எவ்வளவு வேகமானாலும் அது தடுமாறவில்லை. வலக்கை பாதை விலகிப் பறக்கிறது, வளைகிறது, விழப்போவது போல் ஆடுகிறது. மீண்டு வரும்போது சரியான இடத்திலே இடக்கை காத்து நிற்கிறது. நம் தனி ஆவர்த்தனத்திலே, கணக்குகள் எங்கெங்கோ சென்று, சமத்திலே வந்து இறங்கும்போது உள்ளம் துள்ளுகிறதே, அதே துள்ளல். 'டீ ஃபார் டூ'வோ வேறு வகை. எல்லோரும் அறிந்த எளிய மெட்டு. வலக்கை அதை மறக்கவிடாமல் சொல்லிக்கொண்டே வருகிறது. அடியிலே இடக்கை சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி வைக்கிறது. வீடு அதே வீடு. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே வேறு அறை.

டாட்டம் இசைக்கூடம் ஒன்றுக்குள் வந்தபோது, பியானோவில் அமர்ந்திருந்த ஃபேட்ஸ் வாலர், இன்று கடவுளே இங்கு வந்திருக்கிறார் என்று அவையோரிடம் சொன்னதாகப் புகழ்பெற்ற செய்தி ஒன்று உண்டு. வாலரும் பெருங்கலைஞர், அவர் சொன்னது அன்பின் மிகுதியால். ஆனால் அதே சொல்லை வேறு வாய்கள் வேறு நோக்கத்தோடு சொன்னதையும் நாம் காண வேண்டும். கறுப்பினத்தாருக்குத் தாளம் பிறவியிலேயே ஊறியது, அது இயற்கையின் கொடை என்று வெள்ளைச் சீமான்கள் எழுதினார்கள். பாராட்டுப் போல ஒலிக்கிறது. பின்னால் இருப்பது பறிமுதல்! கொடை என்றால் உழைப்பு இல்லை. உழைப்பு இல்லை என்றால் அறிவு இல்லை. அறிவு இல்லை என்றால் சம உரிமை எதற்கு? நம் நாட்டிலும் இதே தந்திரம் 'பூர்வ சென்மப் புண்ணியம்' என்ற பெயரில் நடமாடிற்று. நாதசுரக்காரரின் மூச்சிலே 20 ஆண்டு உழைப்பு இருந்தது. புகழ் மட்டும் முருகன் அருளுக்குப் போயிற்று.

டாட்டத்தின்மேல் வேறொரு குற்றச்சாட்டும் உண்டு: அலங்காரம் மிகுதி, வித்தை காட்டுகிறார் என்பது. இதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். நார்மன் கிரான்ஸ் என்னும் பதிப்பாளர் 1953 டிசம்பரில் அவரை அமர்த்தி, இரண்டே நாளில் 60-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றைத் தொடர்ந்து கேட்டால், அடுக்கடுக்கான சுர அருவிகள் ஓரிடத்தில் அலுப்புத் தட்டுவதும் உண்மை. சில தட்டுகளாகப் பிரித்துக் கேட்பதே நன்று. எனினும், பார்வை குன்றிய கறுப்பர் ஒருவர், எந்த வெள்ளை மேதையும் எதிர்நிற்க அஞ்சும் அளவுக்கு வித்தை காட்டினால், அந்த வித்தை வெறும் பகட்டாகுமா? அவர் 1956 நவம்பர் 5-ல் மறைந்தார். அடுத்த மாதமே, டிசம்பர் 12-ல், நம் நாதசுரச் சக்கரவர்த்தி டி.என். இராசரத்தினம் மறைந்தார். எழுதப்பட்ட மெட்டைத் தம் வழியே வளர்த்து விரித்தவர் ஒருவர். தோடியை விடிய விடிய விரித்தவர் மற்றொருவர். இருவர் பெயரையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவை இசைத்தட்டுகளே.

டாட்டத்துக்குப் பின் வந்தவர்களில் பட் பவல் இடக்கையின் தாவலைக் குறைத்து, இடையிடையே வெட்டி விழும் சுரக்கூட்டுகளாக மாற்றினார். வலக்கை புல்லாங்குழல் போல் ஓடிற்று. 1951-ல் அவர் பதிவு செய்த 'உன் போகோ லோகோ' அதற்குச் சான்று. 1945-ல் காவலரின் தடியடி தலையில் பட்டு, வாழ்நாள் முழுதும் அவதிப்பட்டவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இசை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. டெடி வெதர்ஃபோர்ட் என்னும் கறுப்பினப் பியானோக் கலைஞர், சிகாகோவிலே 1926-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் இருந்த குழுவோடு தட்டுப் பதிந்தவர். அதே ஆண்டிலே ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஷாங்காயில் அவரைச் சந்தித்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், தம் நூலிலே அவரைப் பற்றி எழுதியுள்ளார். பின்னர் பம்பாய், இறுதியில் கல்கத்தா. அங்கே கிராண்ட் ஓட்டலில் குழு நடத்தினார். கொலம்பியா முத்திரையில் தட்டுகள் பதிந்தார். ஓட்டல் கூடத்துக்குள் புகச் சாமானியனுக்கு வழியில்லை. தட்டுக்கு வாயிற்காவலன் இல்லை. 1945-ல், 41 வயதில், கல்கத்தாவிலேயே காலராவுக்குப் பலியானார். தன் நாட்டு நிறவெறியைக் கடந்து வந்த அந்தக் கலைஞரை வங்கத்துக் காலரா வாரிக்கொண்டது.

இப்போது பழனிக்கு வருவோம். நிலக்கோட்டையும் பழனியும் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தன. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளன. அந்தப் பழனியிலே 1908-ல் பிறந்தவர் மிருதங்க மேதை சுப்பிரமணிய பிள்ளை. தந்தையார் முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். தவிலும் மிருதங்கமும் கைவந்தவர். கஞ்சிராவிலும் மகன் வல்லவரானார். பழனி என்ற ஊர்ப்பெயரே அவர் பெயராயிற்று. ஆனால் அவர் இடக்கைக்காரர்.

மேடை மரபு என்ன? பாடுபவரின் வலப்பக்கம் மிருதங்கம்; இடப்பக்கம் பிடில். மிருதங்கக்காரர் தம் வலக்கையால் வாசிக்கும் வலந்தலை, அவையோரை நோக்கி இருக்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும்; நாதம் அவைக்கு எட்டாது. எனவே அவர் எதிர்ப்பக்கம் அமர வேண்டும். பிடில்காரர் இடம் மாற வேண்டும். நான்கு அடி நகர்ந்து உட்காரும் சிறு காரியம். அதற்கு மறுத்தவர்கள் இருந்தார்கள்! கையில் கலை உண்டு, கணக்கு உண்டு, நாதம் உண்டு. ஆயினும் வாய்ப்புகள் நழுவின. அப்போது துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இடத்தை மாற்றி அமைத்து, பழனியைத் தம் கச்சேரியில் அமர்த்தினார். அக்கிரகாரத்தில் பிறந்தவர் செய்த அறத்தை அறம் என்று சொல்ல நமக்குத் தயக்கம் எதற்கு? நாம் எதிர்ப்பது பிறப்பால் வரும் உயர்வையே அன்றி, மனிதர் செய்யும் நன்மையை அல்ல.

வானொலியும் ஒலிப்பதிவும் செய்த புரட்சியை இங்கேதான் உணர்தல் வேண்டும். மேடையிலே கண் முந்திக்கொள்கிறது: யார் அமர்கிறார், எங்கே அமர்கிறார், எந்தக் கை, எந்தக் குலம் என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகே காதுக்கு அனுமதி. பதிவிலோ காது ஒன்றே நடுவர். டாட்டத்தின் தட்டைக் கேட்பவனுக்கு அவர் தோலின் நிறம் தெரியாது. பழனியின் மிருதங்கத்தை வானொலியிலே கேட்பவனுக்கு எந்தக் கை எந்தத் தலையில் என்று தெரியாது. நாதம் தெரியும், கணக்கு தெரியும், இடைவெளிகளின் அழகு தெரியும். ஐயமா? மீண்டும் வைத்துக் கேட்டு ஆராயலாம். நேற்றுக் கேட்ட கச்சேரியைப் பற்றி எவரும் எதையும் புளுகலாம். தட்டைப் பற்றிப் புளுக முடியாது.

1958-ல் அமெரிக்க அரசு, டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பியது. தன் நாட்டிலே நிறவெறி. உலக அரங்கிலே நல்ல பெயர் வேண்டும். ஆகவே ஜாஸைத் தூது விட்டது. முந்தைய ஆண்டு, லிட்டில் ராக் பள்ளியிலே கறுப்பினப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு கொதித்து, சோவியத் நாட்டுப் பயணத்தை ஏற்க மறுத்தார் லூயி ஆம்ஸ்ட்ராங் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புரூபெக் வெள்ளையர், பியானோக் கலைஞர். குழுவில் தாழ்சுருதிக் கருவி வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தார். 1960-ல் தென்மாநிலக் கல்லூரிகள் பல, ரைட்டை நீக்கிவிட்டு வெள்ளையர் ஒருவரோடு வாருங்கள் என்றன. புரூபெக் மறுத்தார், அந்தச் சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகளை இழந்தார், வருவாயையும் இழந்தார். 1954-ல் 'டைம்' ஏடு தம் படத்தை அட்டையில் போட்டபோது, அந்தச் சிறப்பு எலிங்டனுக்கன்றோ முதலில் உரியது என்று வருந்தியவரும் அவரே.

இந்தியாவிலே குழு பம்பாய், டில்லி, ஐதராபாத், கல்கத்தா முதலிய நகரங்களோடு சென்னைக்கும் வந்தது. சென்னையில் முரசுக் கலைஞர் ஜோ மொரெல்லோவும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சந்தித்துச் சேர்ந்து வாசித்தனர். மொழி வேறு, கருவி வேறு. ஒருவர் நான்கு அடிக்குள் அடங்கிய இசையிலே வளர்ந்து அதற்கு வெளியே வழி தேடியவர். மற்றவர் ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் விரல் நுனியில் வைத்திருந்தவர். அந்தப் பயணத்துக்குப் பின் புரூபெக் குழு வெளியிட்ட தட்டிலே 'கல்கத்தா புளூஸ்' என்னும் பாடல் உண்டு. மறு ஆண்டு, 1959-ல், 'டைம் அவுட்' வந்தது. துருக்கித் தெருவிலே கேட்ட ஒன்பது அடித் தாளத்திலே ஒன்று. பால் டெஸ்மண்ட் இயற்றிய ஐந்து அடி 'டேக் ஃபைவ்' மற்றொன்று. நம் கண்டநடைதான் அதற்குத் தாய் என்று மார்தட்டுவோர் சிலர் கிளம்பக்கூடும். வேண்டாம் அந்த வீண்பெருமை. எல்லாம் எம் வேதத்தில் உண்டு என்பாரின் தம்பிமார் ஆகிவிடுவோம்! ஐந்தை அமெரிக்கருக்குக் கொடுத்தவர் பழனி என்பதற்குச் சான்று இல்லை. கீழ்நாட்டுத் தாளங்களைக் கேட்ட காதுகள் விரிவடைந்தன என்பதே சான்றுடைய செய்தி, அதுவே போதும்.

'டேக் ஃபைவ்' தட்டிலே கவனிக்க வேண்டியது மீண்டும் புரூபெக்கின் கைகளைத்தான். மூன்றும் இரண்டுமாய்ப் பிரிந்த ஒரே ஐந்தடிக் கோலத்தைப் பாட்டு முழுதும் விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். மொரெல்லோவின் முரசு தனியே பேசும் பகுதியிலும் அது நிற்பதில்லை. பியானோ தாளம் போடுகிறது, முரசு பாடுகிறது. ஏவலாளும் எசமானும் இடம் மாறிக்கொண்ட அந்தப் பகுதியை, தம்பி, இரண்டு முறை கேள்.

பழனி 1962-ல் மறைந்தார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு 'சங்கீத கலாநிதி' விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1966-ல்; பெற்றவர் பாலக்காட்டு மணி ஐயர். விருதுக்கு அவர் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. பழனியின் வாத்தியத்தைப் பெரிதும் மதித்தவரும்கூட. பழனியின் மாணவர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே மேலைநாட்டு இளைஞர்களுக்கு மிருதங்கம் கற்பித்து, ஜாஸ் கலைஞர்களோடும் சேர்ந்து வாசித்தார். இடக்கைக்காரரிடம் கற்றவர் வலக்கைக்காரர். ஆசானுக்கு எதிரே அமர்ந்தபோது கண்ணாடியைப் பார்ப்பதுபோல் இருந்திருக்கும்!

ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரிப் பதிவுகளிலே பழனி வாசித்தவை இன்றும் கிடைக்கின்றன. கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். நிலக்கோட்டையிலே இருந்துகொண்டே டாட்டத்தின் 1933-ஆம் ஆண்டுத் தட்டையும், பழனியின் மிருதங்கத்தையும் ஒரே மாலையில் கேட்கலாம். தனி ஆவர்த்தனம் வரட்டும் என்று காத்திராதீர்கள். பாட்டு நடக்கும்போதே, கீழே குமுறி எழும் தொப்பியின் கும்கியைக் கேளுங்கள். மற்றவர்கள் இடக்கையால் எழுப்பும் அந்த நாதத்தை, அவர் எழுப்பியது வலக்கையால்.